மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் பால் சுறா வாங்கலாமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்து, சென்ற வாரம் ஆண் குழந்தை பெற்றிருக்கிறாள். தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால் சுறாவைப் புட்டாகச் செய்தோ, உரித்த பூண்டை நிறையப் போட்டுக் குழம்பாக வைத்தோ கொடுப்பது எங்கள் வீட்டில் தலைமுறைகளாக வரும் வழக்கம். என் தாயாருக்கு எண்பத்து மூன்று வயது ஆகிறது. பேத்திக்கு இன்னும் சுறா வாங்கி வரவில்லையே என்று மூன்று நாளாக என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நேற்றுக் காலை மீன் கடைக்குப் போனேன். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவை என்று சொல்லி, முழங்கை நீளமுள்ள குட்டிச் சுறாக்களை ஐஸ் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் பால் சுறாதான் என்றார் கடைக்காரர். ஆனால் அவற்றில் நான்கைந்தின் தலை மட்டும் சுத்தியலைப் போல இரு பக்கமும் அகன்று, அந்த அகலத்தின் இரு முனைகளிலும் கண்கள் இருந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோது, மார்புத் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே, தொப்புளைப் போல, இன்னும் ஆறாத சிறு வடு ஒன்று தெரிந்தது. பேரனுக்குத் தொப்புள்கொடி விழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனாலோ என்னவோ, வாங்க மனம் வராமல் திரும்பிவிட்டேன். கைப்பேசியில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகன், சுறாக்கள் எல்லாமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்றும், வாங்குவதே குற்றம் என்றும் சொல்கிறான். கடையிலோ வெளிப்படையாக விற்கிறார்கள். இதில் எது உண்மை? மீனுக்குத் தொப்புள் உண்டா? நம் வீடுகளில் எப்போதோ ஒருமுறை சமைப்பதால் கடலில் சுறா குறைந்துவிடுமா? தாயாரின் மனம் நோகாமல் வேறு என்ன சமைத்துக் கொடுக்கலாம்? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: தொண்டியில் கடலியல் படித்தவர், இப்போது காரைக்குடியில்

ஐயா, பேரன் பிறந்ததற்கு என் வாழ்த்துகள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் படித்த காலத்தில், மீன் இறங்குதளங்களில் சுறாக்களை அளந்து குறிப்பெடுக்கும் வேலையைச் சில மாதங்கள் செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது தொப்புள்தான். எல்லா மீன்களும் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. பால் சுறா, கொம்பன் சுறா போன்ற பல வகைகளில் குட்டி தாயின் வயிற்றிலேயே, நச்சுக்கொடியோடு ஒட்டிய கொடி வழியாக ஊட்டம் பெற்று வளர்ந்து, உயிரோடு பிறக்கிறது. பிறந்த பின் அந்தக் கொடி அறுந்த இடம் மார்புத் துடுப்புகளுக்கு நடுவே வடுவாகச் சில வாரங்கள் தெரியும். வடு ஆறாமல் இருந்தது என்றால், அந்தக் குட்டிகள் பிறந்து சில நாள்களோ வாரங்களோதான் ஆகியிருக்கும். அகன்ற தலையுடையவை பால் சுறா அல்ல. கொம்பன் சுறாவின் குட்டிகள். பெரிதாக வளரும் கொம்பன் வகைகளில் இரண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருப்பவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. பெண் கொம்பன் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்த பிறகே முதல் முறையாகக் கருத்தரிக்கும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அவை குட்டி ஈனுவதற்குக் கரையோர ஆழமில்லாக் கடலைத் தேடி வருகின்றன. நம் வலைகள் நெருக்கமாகக் கிடப்பதும் அதே இடத்தில்தான்.

உண்மையான பால் சுறாவின் நிலையும் நல்லதாக இல்லை. 2020இல் அதை அழியும் நிலைக்கு ஆளாகக்கூடிய இனம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள்தான், அதுவும் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஈனும். ஒரு மத்தி மீனோ ஒரே பருவத்தில் பல்லாயிரம் முட்டைகளை இட்டு, அடுத்த ஆண்டே அதன் குஞ்சுகளும் முட்டையிடத் தொடங்கிவிடும். மத்தியைப் பிடிப்பதற்கும் சுறாவைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. மத்தியை விதைநெல் போல நினைத்துக்கொள்ளுங்கள். சுறா பசுவைப் போன்றது. ஆனால் நாம் இரண்டையும் ஒரே வலையால், ஒரே வேகத்தில் அள்ளுகிறோம்.

சட்டத்தைப் பற்றி உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. 2001ஆம் ஆண்டு மே மாதம் திமிங்கிலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் சேர்த்து அறிவித்தார்கள். மீனவர்கள் கடுமையாக எதிர்த்ததால், டிசம்பரில் அதைத் திருத்திப் பத்து வகைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பத்தில் திமிங்கிலச் சுறா, கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா, வாள்போன்ற மூக்குடைய வேளா மீன்கள், பார்வைக்குச் சுறாவைப் போலிருக்கும் திருக்கை வகையான பெரிய உளுவை ஆகியவை அடங்கும். அந்த ஐந்து மாத அறிவிப்பின் நினைவுதான் எல்லாச் சுறாவுக்கும் தடை என்ற பேச்சாக இன்றும் உலவுகிறது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோது அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டு மேலும் பல வகைகள் சேர்ந்தன. முதல் அட்டவணையில் உள்ள உயிரைப் பிடித்தாலோ விற்றாலோ மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015 பிப்ரவரியிலிருந்து முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. பால் சுறாவை உள்ளூரில் விற்பதும் வாங்குவதும் குற்றமல்ல. ஆனால் சட்டம் தடுக்காததால் கடலில் அது நிறைய இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

மறுமொழி 2: செவிலியர், காரைக்குடி

பிள்ளை பெற்ற தாய்மார்களோடு இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பால் ஊறுவது, குழந்தை எத்தனை முறை வாய்வைத்துக் குடிக்கிறது, மார்பு எவ்வளவு முழுமையாகக் காலியாகிறது என்பதைப் பொறுத்தது. தாய்க்கு வேண்டியவை போதிய உணவு, தண்ணீர், தூக்கம், மனக்கவலை இல்லாமை ஆகியவை. சுறா இறைச்சியில் நல்ல புரதம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே புரதம் முட்டையிலும் பருப்பிலும் மற்ற மீன்களிலும் உண்டு.

இதைவிடக் கவலைக்குரியது பாதரசம். நிலக்கரி எரிப்பதாலும் ஆலைகளாலும் வெளியாகும் பாதரசம் கடலில் சேர்ந்து, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏறச் செறிவு கூடிக்கொண்டே போகிறது. அந்த வரிசையின் உச்சியில் இருப்பது சுறா. இதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. தாய்ப்பால் வழியாகவும் அது குழந்தைக்குச் செல்லும். வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். குட்டிச் சுறாவில் அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் கடையில் துண்டு போட்டுத் தரும்போது எது குட்டி, எது பெரியது என்று யார் கண்டது? காரப்பொடி, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் இந்தக் கவலை மிகக் குறைவு. காரப்பொடியையும் பால் ஊறுவதற்கென்று கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறதே; உங்கள் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3: தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து

ஐயா, நாங்கள் நாட்டுப்படகுத் தொழில் செய்கிறவர்கள். நீங்கள் கடையில் பார்த்த தட்டு எங்கள் கரை வழியாக வந்திருக்கவும் கூடும் என்பதால், பேசாமல் இருப்பது சரியல்ல என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: எங்கள் ஊரில் சுறாவுக்கென்று இப்போது யாரும் கடலுக்குப் போவதில்லை. என் ஐயா காலத்தில் திருக்கை வலை, ஆயிரங்கால் தூண்டில் என்று தனியாகப் போனார்கள். பெரிய சுறாக்களை உப்புக்கண்டம் போட்டுக் கருவாடாக்கி இலங்கைக்கு அனுப்பினார்கள். ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயை வத்தைகளின் பலகைக்குப் பூசினார்கள். ஆள் நீளச் சுறாவை இரண்டு பேர் காவடி கட்டித் தூக்கி வந்ததை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் வலையில் வருபவை எல்லாம் குட்டிகள். பெரியதைக் கண்டு எத்தனையோ வருடங்கள் ஆகின்றன.

குட்டியாக இருந்தால் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். உளுவையும் திருக்கையும் வலையில் பட்டாலும் பெரும்பாலும் உயிரோடு வரும். எடுத்து விட்டால் நீந்திப் போய்விடும். கொம்பன் அப்படியல்ல. அது நிற்காமல் நீந்தினால்தான் மூச்சு விட முடியும். வலையில் சிக்கிய சிறிது நேரத்திலேயே செத்துவிடும். விடியலில் வலையை இழுக்கும்போது விறைத்த உடல்தான் கைக்கு வருகிறது. செத்ததைக் கடலில் எறிந்துவிட்டு வந்தால் டீசல் கடனை யார் கட்டுவது? அதனால் விற்கிறோம். இங்கேதான் உங்கள் ஊர்களின் பங்கு வருகிறது. முன்பு துடுப்புக்காகப் பெரிய சுறாவுக்கு விலை இருந்தது. ஏற்றுமதி நின்ற பிறகு அந்த விலை விழுந்துவிட்டது. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, மதுரைப் பக்கத்து வியாபாரிகள் புட்டுக்கு இளசாக வேண்டும் என்று, முழங்கை நீளக் குட்டிக்கு ஏலத்தில் ஏற்றிக் கேட்கிறார்கள். ஏலத்தில் எதற்கு விலை ஏறுகிறதோ, அது கிடைக்கும் இடத்தில்தான் மறுநாள் வலை விழும். இது எங்கள் பேராசையாலும் நடக்கவில்லை, உங்கள் கொடுமையாலும் நடக்கவில்லை, ஆனால் நடக்கிறது.

அடுத்தது இழுவை மடி, அதாவது கடல் தரையோடு இழுத்துச் செல்லும் பை வலை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பதினைந்து மீட்டரைத் தாண்டாது. அதன் தரையில் கடற்புல் வயல் போல வளர்ந்து கிடந்தது. விசைப்படகுகளின் மடி, கீழே இரும்புச் சங்கிலியோடு, அந்தத் தரையை உழுதுகொண்டு போகிறது. இறால் எடுக்கப் போன மடியில் குஞ்சும் குட்டியும் புல்லும் சேறும் சேர்ந்து வரும். விலை போகாதவை எல்லாம் சங்காயம் என்று குவித்து உலர்த்தி, கோழித்தீவனத்துக்குப் போகின்றன. அந்தக் குவியலில் உள்ளங்கை அளவுத் திருக்கைக் குட்டிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகளுக்குத் தடையும் இருக்கிறது. இவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டை மடி போடுகிறவர்கள் அறவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்களில் என் மைத்துனரும் ஒருவர். அவரைக் குற்றவாளி என்று சொல்ல என் நாக்கு எழாது. படகின் கடன் முதலாளியை அழுத்துகிறது. முதலாளி இவரை அழுத்துகிறார். 2017இல் பாக் விரிகுடாவின் இரண்டாயிரம் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற அரசு திட்டம் கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் சூரைக்குப் போடும் தூண்டிலிலும் ஆழ்கடல் சுறா மாட்டும் என்பதை அப்போதே யாராவது பேசியிருக்க வேண்டும்.

ஆவுளியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடற்பசு என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு ஆவுளியா. கடற்புல்லை மட்டும் தின்று வாழும். குட்டிக்குப் பால் கொடுக்கும். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வலையில் சுற்றிக்கொண்டால் மூழ்கிச் சாகும். முன்பு அதைக் கறியாகத் தின்றார்கள், மருந்து என்றும் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் தின்றார்கள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பியின் வலையில் குட்டியோடு ஒன்று வந்து சிக்கியது. வலையை அறுத்து இரண்டையும் விட்டார்கள். வலை போன நட்டம் பெரியது. வனத்துறையிலிருந்து சான்றிதழும் ஒரு தொகையும் கொடுத்தார்கள். நட்டத்துக்கு அது ஈடாகவில்லை. ஆனாலும் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான்.

மறுமொழி 4: பள்ளத்தூரிலிருந்து

எல்லா மறுமொழிகளையும் படித்தேன். கடற்கரைத் தம்பி எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. ஆயினும் மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் முன்னோர் கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தவர்கள். ஆனால் கடலைச் சூறையாடியவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்களைத் தொழில்முறை வேட்டையாடிகள் கொன்றார்கள் என்று படித்திருக்கிறேன். 1986இல் வணிக வேட்டைக்குத் தடை வரும் வரை அது தொடர்ந்தது. அதைச் செய்தவை வசதி படைத்த நாடுகள். இன்றும் இலங்கையின் தென்கரையில், மிரிஸ்ஸவுக்கு அப்பால், நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் இடத்தின் வழியாகவே சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகின்றன; மோதிச் சாகின்றன அந்த உயிர்கள். சுறாத் துடுப்புச் சாறு குடிப்பதற்காகத் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை உயிரோடு கடலில் தள்ளிய கொடுமையும் நம் வீடுகளுக்காக நடந்ததல்ல. இவ்வளவையும் விட்டுவிட்டு, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அப்பத்தா கொடுக்கச் சொல்லும் ஒரு கிண்ணம் புட்டின் மேல் பழியைப் போடுவது நியாயமா? வழக்கங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், நம் வீடுகளில் மிஞ்சுவது பர்மாத் தேக்குத் தூண்கள் மட்டும்தான்.

மறுமொழி 5: மறுமொழி 1 எழுதியவர்

ஐயா, நீங்கள் சொன்ன திமிங்கிலக் கணக்கு சரியானது. கப்பல் மோதலும் உண்மை. துடுப்பு வணிகத்தைப் பற்றியும் மறுப்பதற்கில்லை. பழியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக நான் எழுதவில்லை. எங்கே கை வைத்தால் குறையும் என்பதே என் கேள்வி.

உலக அளவில் ஆண்டுக்குப் பத்துக் கோடிச் சுறாக்கள் வரை கொல்லப்படுகின்றன என்பது 2013இல் வெளிவந்த மதிப்பீடு. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கைகள் 1970க்குப் பின் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. எண்ணெய்க் கசிவு, நெகிழிக் கழிவு, கடல் சூடாவது எல்லாம் இருக்கின்றன. ஆனால் சுறாக்களைப் பொறுத்தவரை முதற்காரணம் அளவுக்கு மீறிப் பிடிப்பதுதான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சுறா, திருக்கை வகைகளை மிகுதியாகப் பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தோனேசியாவும் இந்தியாவும் முன்னால் நிற்கின்றன. நாம் துடுப்பை வெளியே அனுப்புவதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகியும் பிடிப்பு நிற்காததற்குக் காரணம், இறைச்சியை நாமே உண்கிறோம் என்பதுதான். தமிழகம், கேரளம், கோவா என்று கடற்கரை மாநிலங்கள் பலவற்றிலும் இளஞ்சுறாவுக்குச் சமையலறையில் மதிப்பு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு கிண்ணம்தான். ஆனால் எத்தனை வீடுகள், எத்தனை உணவகங்கள்! செட்டிநாட்டு உணவகம் என்ற பெயர்ப்பலகை இன்று எந்த நகரத்தில் இல்லை? அவற்றில் பலவற்றின் பட்டியலில் சுறாப்புட்டு இருக்கிறது. அப்பத்தா கொடுக்கும் கிண்ணத்தைவிட அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா ஒன்று உண்டு என்று முன்பே குறிப்பிட்டேன். 1839இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அந்தச் சுறாவின் பதனமிட்ட உடல்கள் சில, உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கடலில் அதை உறுதியாகக் கண்டதாகப் பல பத்தாண்டுகளாகச் செய்தி இல்லை. வேளா மீனின் கதியும் ஏறத்தாழ அதுதான். சுறாவின் கொம்பை மணலில் நட்டு வணங்கிய நெய்தல் நில மக்களைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். வாள்போல் நீண்ட மூக்குடைய வேளாவைத்தான் அந்தக் கொம்பு குறிக்கிறது என்று கருதுவோர் உண்டு. வணங்கியவர்களின் வழிவந்த நாம், அந்த மூக்கு வலையில் எளிதாகச் சிக்கும் என்ற ஒரே காரணத்தால், அதைக் கரையிலிருந்து இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

வழக்கம் என்று சொன்னீர்கள். குஜராத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சௌராஷ்டிரக் கடற்கரையில் திமிங்கிலச் சுறாக்களை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நூற்றுக்கணக்கில் வேட்டையாடினார்கள். 2001இல் சட்டம் வந்தும் வேட்டை உடனே நிற்கவில்லை. 2004இல், இராமகதை சொல்லும் மொராரி பாபு, அந்தச் சுறா நம் கரைக்குப் பிள்ளை பெறத் தாய்வீடு வரும் மகள் என்று மக்களிடம் சொன்னார். வாலி, அதாவது அன்புக்குரியவள், என்று பெயரும் வைத்தார்கள். அதன் பிறகு அதே மீனவர்கள், தங்கள் வலையில் சிக்கியவற்றைத் தாங்களே வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். இதுவரை விடப்பட்டவை நூற்றுக்கணக்கில் இருக்கும். அறுபட்ட வலைக்கு அரசு இழப்பீடு கொடுத்ததும் அதில் பெரும்பங்கு வகித்தது. அந்த மக்களும் தங்கள் வழக்கம் ஒன்றைத்தான் விட்டார்கள். விடச் செய்ததும் அவர்களுடைய இன்னொரு வழக்கம்தான். பிள்ளை பெற வீட்டுக்கு வந்த மகளைப் பற்றி இந்த ஐயா கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கடற்கரை அண்ணன் ஆவுளியாவைப் பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. ஆவுளியா ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். கடற்புல் மீண்டால் ஆவுளியாவுக்கு மட்டுமல்ல, அதில் ஒளிந்து வளரும் இறாலுக்கும் நண்டுக்கும் திருக்கைக் குட்டிக்கும் அது தொட்டிலாகும்.

மறுமொழி 6: கானாடுகாத்தானிலிருந்து, விருந்துச் சமையல் செய்பவர்

தம்பி, முப்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளிலும் பிள்ளை பெற்ற வீடுகளிலும் சமைக்கிறேன். சுறாப்புட்டு எத்தனை செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அதனால் சமையலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுறாவை ஏன் புட்டுக்குத் தேர்ந்தார்கள் என்றால், அதில் முள் கிடையாது, நடுவில் குருத்தெலும்புதான். மஞ்சள் போட்டு வேகவைத்துத் தோலை உரித்தால், சதை நார் நாராகப் பிரிந்து உதிரும். அந்த உதிர்ப்பு இருந்தால் போதும், புட்டு அமைந்துவிடும். விரால் மீனை அப்படியே செய்து பார்த்தேன், நன்றாக வருகிறது. நம் கண்மாய்களில் தண்ணீர் வற்றும் காலத்தில் பிடிக்கும் விரால் கிடைத்தால் இன்னும் சிறப்பு. கடல் மீன்தான் வேண்டும் என்றால் சிறிய பாறை மீன் சரியாக இருக்கும். முள்ளைப் பொறுமையாக எடுக்க வேண்டும். திருக்கையை வாங்காதீர்கள், அதுவும் சுறாவின் உறவு என்று என் பேத்தி சொன்ன பிறகு நான் விட்டுவிட்டேன்.

அரைக் கிலோ மீனுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு, சோம்பு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய். பிள்ளை பெற்றவளுக்கு என்பதால் பச்சை மிளகாயை விட்டுவிட்டு மிளகை மட்டும் தட்டிப் போடுங்கள். வெங்காயம் பொன்னிறமாகும் முன்பே மீனைச் சேர்த்துவிட வேண்டும். அடுப்பைத் தணித்துக் கிளறினால் ஈரம் வற்றி உதிரியாக வரும். சுறாவுக்கு உரிய அந்த வாடையை எடுக்கத்தான் நாம் இரண்டு முறை மஞ்சள் நீரில் கழுவுவது வழக்கம். விராலுக்கு உப்பும் புளியும் போட்டு ஒரு முறை உரசிக் கழுவினால் போதும். உங்கள் தாயாருக்குச் சுவையில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் சுறா என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பெரியவர்களிடம் பொய் சொல்லி ஒரு வழக்கத்தை மாற்றக் கூடாது. காரணத்தைச் சொல்லியே மாற்றலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லாருக்கும் என் நன்றி. பள்ளத்தூர் ஐயாவின் கேள்வியும் எனக்கு வேண்டியிருந்தது. என் தாயார் என்ன சொல்வாரோ என்று நான் அஞ்சியதை அவர் முன்கூட்டியே எழுதிவிட்டார்.

கானாடுகாத்தான் ஆச்சி சொன்னபடி என் தாயாரிடம் மறைக்காமல் பேசினேன். சட்டம், பாதரசம் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினேன். என் தாயார் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறகு கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த வடுவைக் காட்டி இது என்ன என்று கேட்டார், சொன்னேன். "கொடி ஆறாத குட்டியைக் கொடுத்தா என் பேத்திக்குப் பால் ஊற வைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். அவருடைய காலத்தில் முழுச் சுறாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லையாம், துண்டுகளாகத்தான் வருமாம். அறுபது ஆண்டுகள் சமைத்தும் அதன் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை என்றார்.

காரப்பொடியைப் பற்றிச் செவிலியர் அம்மா சொன்னதைக் கேட்டதும், தம் தாயார் வீட்டில் அதைத்தான் கொடுத்தார்கள் என்றும், சுறா கொடுப்பது மாமியார் வீட்டு வழக்கம் என்றும் நினைவுகூர்ந்தார். நாளை காரப்பொடிக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை விரால் புட்டு. கடற்கரைத் தம்பிக்கு ஒரு கேள்வி: கடையில் அந்தக் கொம்பன் குட்டிகளைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும்? சண்டையிட விருப்பமில்லை.

மறுமொழி 7: தொண்டிக்குத் தெற்கேயிருந்து

சண்டை வேண்டாம் ஐயா. கொம்பன் குட்டி வேண்டாம், காரப்பொடியோ மத்தியோ இருந்தால் கொடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னால் கடைக்காரர் ஏலத்தில் அதற்குக் கை தூக்க மாட்டார். விலை இறங்கினால், குட்டி ஈனும் மாதங்களில் கரையோரத்தில் வலை விடுவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச எனக்கும் வாய் கிடைக்கும். போன ஆண்டு ஒருமுறை பேசினேன். அப்படியானால் அந்த வருமானத்தை நீ கொடுப்பாயா என்று கேட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை.

காரப்பொடி இப்போது நன்றாகப் படுகிறது. விடியலில் வலை வந்ததும் கரையிலேயே வாங்கினால் கண் தெளிவாக இருக்கும். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தானே. வருவதாக இருந்தால் ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், உங்கள் பேத்தி... மன்னிக்கவும், உங்கள் மகளுக்கு வேண்டிய அளவை எடுத்து வைக்கச் சொல்கிறேன்.